கேள்வி – பதில்: அட்டையில் 18 என்று போட்டிருந்தது

போன இதழில் கோடை விடுமுறை பற்றிய ஒரு பதிலில் வீடியோ கேம் குறித்து இரண்டே வரி எழுதியிருந்தேன், பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று. அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள், ஒரு பையன் கெஞ்சியே எழுதியிருக்கிறான். அதனால் இந்த முறை முழுக்க இதுதான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. என் தம்பி தன் பழைய லேப்டாப்பை அவனுக்குப் படிக்கக் கொடுத்தான். அதில் ஜிடிஏ 5 என்ற கேம் இருந்திருக்கிறது. போன வாரம் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போனேன். திரையில் ஒருவனை நாற்காலியில் கட்டிவைத்து இடுக்கியால் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்குவது என் மகன்தான், அவன் விரல்தான் அழுத்துகிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் கணவர் “நீதானே வீட்டில் இருக்கிறாய்” என்கிறார். தம்பியோ “கேம்தானேக்கா” என்கிறான். இதைச் செய்து விற்கிறவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா? எல்லாம் என் தலையில்தானா?
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் தட்டோடு உள்ளே போனதால்தான் அந்த வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்தது.

ஜிடிஏ 5 வந்தது 2013-இல். நீங்கள் பார்த்த அந்தக் காட்சிக்கு வந்த புதிதிலேயே கண்டனம் கிளம்பியது. சினிமா மாதிரி அதைத் தள்ளி நின்று பார்க்க முடியாது, எந்தக் கருவியை எடுப்பது என்பதிலிருந்து எல்லாமே விளையாடுகிறவர் கையில். ஐரோப்பாவில் அதன் அட்டையில் 18 என்று போட்டிருப்பார்கள், அமெரிக்காவில் ‘எம்’, அதாவது 17 வயதுக்கு மேல். செய்த ராக்ஸ்டார் நிறுவனம் இது குழந்தைகளுக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. “பெரியவர்களுக்காகச் செய்தோம், அட்டையிலும் எழுதினோம், வாங்கிக் கொடுத்தது யார் என்று அவர்களைக் கேளுங்கள்” என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்போதும் சொல்லும் பதில். அது பாதி நியாயம். மீதிப் பாதிக்கு அந்த அட்டையின் கதையைச் சொல்ல வேண்டும்.

1993-இல் மார்ட்டல் காம்பேட் என்ற சண்டை விளையாட்டு வீட்டில் விளையாடும் கருவிகளுக்கு வந்தது. தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிய்த்து எடுப்பதெல்லாம் அதில் உண்டு. அந்தக் கருவிகளைச் செய்யும் இரண்டு போட்டி நிறுவனங்களில் நின்டெண்டோ தன் பதிப்பில் ரத்தத்தை எடுத்துவிட்டு வியர்வை மாதிரி மாற்றியது. சேகா, பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் ரத்தம் வரும்படி விட்டுவைத்தது. அதிகம் விற்றது சேகாவின் பதிப்புதான். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட்டர்கள் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் விசாரணை நடத்தி, நீங்களே ஒழுங்கு செய்யாவிட்டால் நாங்கள் சட்டம் போடுவோம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1994-இல் விளையாட்டு நிறுவனங்களே சேர்ந்து ஈஎஸ்ஆர்பி என்ற வாரியத்தை அமைத்தன. வயது போடும் பழக்கம் அங்கே அப்படித்தான் நிலைபெற்றது. இந்த வாரியம் ஒவ்வொரு விளையாட்டையும் முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பதில்லை. செய்தவர்கள் பூர்த்தி செய்யும் படிவம், அவர்கள் அனுப்பும் வீடியோ, இவற்றை வைத்துத்தான் வயதைத் தீர்மானிக்கிறது. அதாவது செய்தவர் உண்மை சொன்னால்தான் அட்டையும் உண்மை சொல்லும்.

2004-இல் ராக்ஸ்டாரின் ஜிடிஏ வரிசையில் சான் ஆண்ட்ரியாஸ் என்ற பாகம் வந்தபோது அதற்கும் ‘எம்’ போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கம்ப்யூட்டர் பதிப்பு வெளியானது, இரண்டே நாளில் ஒருவர் இணையத்தில் ஒரு சின்ன நிரலை ஏற்றினார். அதைப் போட்டால் கதாநாயகனும் அவன் காதலியும் உடலுறவு கொள்ளும் காட்சி திறந்துகொள்ளும். ‘ஹாட் காஃபி’ என்று பெயர். ராக்ஸ்டார் முதலில் இது ஹேக்கர்களின் வேலை என்றது. ஆனால் அந்தக் காட்சி வட்டுக்குள்ளேயே இருந்தது, அவர்களே செய்து, பிறகு மறைத்து, அழிக்காமல் விட்டது. நிரலைப் போட வழியில்லாத பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் கருவிக்கான வட்டிலும் அது கிடந்ததைத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். ஜூலை 20 அன்று வாரியம் ‘எம்’-ஐ எடுத்துவிட்டு ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று மாற்றியது, பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன, ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கே அனுமதி போனது. வட்டுக்குள் மறைத்து வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்ற விதி அதற்கு அப்புறம்தான் வந்தது.

அந்த நேரத்தில் நியூயார்க்கில் 85 வயதுப் பாட்டி ஒருவர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். 14 வயதுப் பேரனுக்கு அந்த விளையாட்டை வாங்கிக் கொடுத்திருந்தார், ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர் புகார். ஊரே சிரித்தது, அட்டையில் ஏற்கெனவே 17 என்று போட்டிருந்ததே, அதைப் பார்க்காமல் வாங்கிக் கொடுத்துவிட்டு இப்போது என்ன என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டி அட்டையைப் பொருட்படுத்தவில்லை என்பது உண்மை. அட்டையே முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஒன்று இன்னொன்றைத் தள்ளுபடி செய்துவிடாது.

இவ்வளவு சொன்ன பிறகு என் கதையையும் சொல்லியாக வேண்டும். 2006-இல் மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆறு பிளைவுட் கேபின், நீலத் துணித் திரை, மணிக்குப் பதினைந்து ரூபாய். சாயங்காலம் பள்ளி விட்டதும் ஜிடிஏ வைஸ் சிட்டி விளையாடப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். எங்களிடம் இருந்தது யாரோ எழுதிக் கொடுத்த சிடி, வெள்ளைக் காகித உறை, மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘வி.சி.’ என்று இரண்டே எழுத்து. டப்பாவே இல்லை, அப்புறம் டப்பாமேல் ஒட்டிய வயது எங்கே இருக்கும்? அமெரிக்காவில் பெரிய மனிதர்கள் விசாரணை நடத்தி வாங்கிக் கொடுத்த அந்த ஒற்றை எழுத்து கடல் தாண்டி வரவே இல்லை. ஒரு பையன், பத்து வயதுகூட இருக்காது, ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்த தாளில் சீட் கோட் எல்லாம் எழுதி வைத்திருப்பான். ‘பேன்சர்’ என்று அடித்தால் டாங்கி வரும், ‘லீவ் மீ அலோன்’ என்று சேர்த்து அடித்தால் போலீஸ் துரத்தாது. காசு தீரும்வரை நடைபாதையில் போகிறவர்களை ஏற்றிக் கொன்றுகொண்டிருப்பான். ஒருநாள் அவன் அப்பா வந்தார், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, “படிக்கிறானா தம்பி?” என்று என்னைக் கேட்டார். “ஆமாண்ணே, ஸ்கூல் ப்ராஜெக்ட்” என்றேன். அவர் சந்தோஷமாக இன்னொரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பதினைந்து ரூபாய் என் மனதில் கிடக்கிறது. அங்கே பொறுப்பு எனக்குத்தான், ராக்ஸ்டாருக்கு இல்லை, அந்த அப்பாவுக்கும் இல்லை. அவர் கேட்டார், நான் மறைத்தேன்.

ஆகவே என் கணக்கு இதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கு அதிகம் தெரியுமோ அவர்தான் முதலில் பொறுப்பு. செய்தவருக்கு எல்லாம் தெரியும். விற்பவருக்கும் கொடுப்பவருக்கும் அட்டை தெரியும். உங்களுக்கு எவ்வளவு தெரிந்தது? உங்கள் வீட்டு விஷயத்தில் என் விரல் உங்கள் தம்பியைத்தான் சுட்டுகிறது. 2020 மே மாதம், ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, இணையத்தில் கேம் விற்கும் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஜிடிஏ 5-ஐ ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது, கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே படுத்துவிட்டது. உங்கள் தம்பியும் அப்போது எடுத்து வைத்திருக்கலாம். அதில் தப்பே இல்லை, அவர் பெரியவர். அதே லேப்டாப்பை அக்கா மகனுக்குக் கொடுக்கும்போது அழிக்காமல் கொடுத்ததும், நீங்கள் பதறிப் போய்ச் சொன்ன பிறகும் “கேம்தானே” என்றதும்தான் தப்பு. அவரையே வரச் சொல்லி, மருமகனுக்கு முன்னாலேயே அதை எடுக்கச் சொல்லுங்கள், ஏன் எடுக்கிறோம் என்பதையும் அவரே சொல்லட்டும். மாமா சொன்னால் பையன் கேட்பான். அந்தக் காட்சி பற்றி நீங்களும் அவனிடம் பேசுங்கள். திட்ட வேண்டாம், அதைச் செய்தபோது எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: கேம் விளையாடினால் வன்முறை வளரும் என்பது அரைத்த மாவு சார். எங்கள் செட் முழுக்க வைஸ் சிட்டி விளையாடித்தான் வளர்ந்தோம், ஒருவரும் கத்தி எடுக்கவில்லை. சினிமாவில் தலை உருளுகிறது, அதைக் குடும்பத்தோடு பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். கேம் மட்டும் ஏன் எல்லோருக்கும் இளக்காரம்?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: முதல் பாதியில் நான் உங்கள் பக்கம். 1999-இல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டுக் கொன்றபோது அவர்கள் ‘டூம்’ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடினார்கள் என்று சொல்லி நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டார்கள், வழக்கு நிற்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: கத்துவது, தள்ளிவிடுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு தெரிகிறது, ஆனால் கொலை, துப்பாக்கிச் சூடு போன்றவற்றுக்கு வீடியோ கேமைக் காரணமாக்க அறிவியல் ஆதாரம் போதாது. எங்காவது ஒரு பையன் ஏதாவது செய்துவிட்டால் அவன் போனில் என்ன கேம் இருந்தது என்று செய்தி போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அந்தப் பையனின் வீட்டில் என்ன நடந்தது, பள்ளியில் யார் அவனை அடித்தார்கள் என்று விசாரிப்பதைவிட கேமைத் திட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

ஆனால் ‘கொலைகாரன் ஆகவில்லை’ என்பது மிகவும் தாழ்வான அளவுகோல் இல்லையா தம்பி? பத்து வயதுப் பிள்ளை ராத்திரி தூக்கத்தில் பயப்படாமல் இருக்க வேண்டும், பெண்களை எப்படிப் பார்ப்பது என்று ஒரு ஸ்ட்ரிப் கிளப் காட்சியிலிருந்து கற்றுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். எனக்கு அதுவும் கணக்கில் உண்டு.

கலிஃபோர்னியாவில் 2005-இல் ஒரு சட்டம் வந்தது, கொடூரமான விளையாட்டுகளை 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்றால் ஆயிரம் டாலர் வரை அபராதம். கையெழுத்துப் போட்ட ஆளுநர் நடிகர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்று அதை ரத்து செய்தது, வீடியோ கேமும் புத்தகம் மாதிரி கருத்துரிமைக்குள் வரும் என்று. தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்காலியா, கிரிம் சகோதரர்களின் சிறுவர் கதைகளைப் பாருங்கள், அங்கேயும் குழந்தைகள் சூனியக்காரியை அடுப்பில் தள்ளிக் கொல்கிறார்கள் என்று காட்டினார். நமக்கு மட்டும் என்ன, நரசிம்மர் குடலை உருவும் கதையைப் பாட்டி மடியில் கேட்டுத்தானே வளர்ந்தோம். அந்தத் தீர்ப்பை ஏற்காத நீதிபதி பிரேயர் கேட்ட கேள்வி வேறு: 13 வயதுப் பையனுக்கு ஒரு நிர்வாணப் படத்தை விற்கத் தடை போடலாம், அதே பையன் ஒரு பெண்ணைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து கொல்லும் விளையாட்டை விற்கத் தடை போடக் கூடாதா? நான் பிரேயர் பக்கம். பாட்டி கதை சொல்லும்போது பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள், பயந்தால் நிறுத்துவாள்.

சினிமாவைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே குறைந்தபட்சம் ஒரு சான்றிதழாவது இருக்கிறது, இப்போது யு/ஏ-விலேயே 7, 13, 16 என்று பிரித்துவிட்டார்கள். ஓடிடி தளங்களுக்கும் 2021-லிருந்து வயது போட வேண்டும். வீடியோ கேமுக்கு இந்தியாவில் அப்படி வயது போடும் அரசு அமைப்பே கிடையாது. கேமை இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்கிறீர்கள், அதன் உண்மையான இளக்காரம் இதுதான்.

கேள்வி: இதற்கு இத்தனை பேச்சு எதற்கு? எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் பிள்ளைகள் பிழைக்கும். அரசுக்கு ஏன் துணிச்சல் இல்லை?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. தடையும் செய்து பார்த்தாயிற்று. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜிக்குத் தடை போட்டு, விளையாடிய மாணவர்களைப் போலீஸ் கைது செய்தது. விளையாடியதற்குப் பையன்மேல் வழக்கு என்றால், அவனைக் காப்பாற்றத்தான் தடை போட்டோம் என்று எப்படிச் சொல்வது? 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது, ஆனால் காரணம் நாட்டின் பாதுகாப்பு, பிள்ளைகள் பேச்சே அதில் வரவில்லை. அடுத்த ஆண்டே பிஜிஎம்ஐ என்று பெயர் மாறி வந்தது. நம் மாநிலத்தில் 2025-இல் வந்த விதிகளை, 18 வயதுக்குக் கீழே கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை முடக்கம் என்பதை, எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பணம் வைத்து ஆடுவதற்கு வந்த விதி. உள்ளே என்ன காட்சி இருக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நான் கேட்பது தடையைவிடச் சின்ன விஷயம். பிரிட்டனில் 2012-லிருந்து 12, 16, 18 என்று போட்ட விளையாட்டை அந்த வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கடையில் விற்றால் குற்றம். சட்டம் இல்லாமலேகூடக் கடைக்காரர்களை மாற்ற முடிந்திருக்கிறது. அமெரிக்க வர்த்தக ஆணையம் சிறுவர்களையே ரகசியமாகக் கடைக்கு அனுப்பிச் சோதித்தது. 2000-இல் நூற்றுக்கு 85 பேருக்கு ‘எம்’ விளையாட்டு கிடைத்தது, 2013-இல் வெளியிட்ட அறிக்கையில் அது 13 ஆகக் குறைந்திருந்தது. திரும்பத் திரும்பப் போய்ச் சோதித்து, எந்தக் கடைச் சங்கிலி எவ்வளவு மோசம் என்று வெளியிட்டதும் அதற்கு ஒரு காரணம். நம் ஊரில் யாராவது ஒரு கடைக்குப் போய் அப்படிச் சோதித்திருக்கிறோமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 14 வயசு. கிளாஸில் எல்லாரும் பிஜிஎம்ஐ விளையாடுறாங்க, நான் மட்டும் இல்லைன்னு ஓட்டுறாங்க. அதில் சுடுறது மட்டும்தான், மோசமான சீன் எதுவும் இல்லை. அப்பாகிட்ட எப்படிக் கேக்கறது?
— காரைக்குடி

பதில்: தம்பி, மறைக்காமல் கேட்க நினைத்தாயே, அதற்காகவே உன் அப்பா உன்மேல் சந்தோஷப்படுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஓய்வாக இருக்கும்போது ஒரு முழு ஆட்டத்தை வீடியோவில் போட்டுக் காட்டு, நல்ல இடம் மட்டும் பொறுக்கிக் காட்டாதே. 18-க்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான், பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நண்பனின் அண்ணன் நம்பரைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும், நீ போடாதே. இன்னொன்று, மைக்கில் முன்பின் தெரியாதவர்கள் பேசுவார்கள், கெட்ட வார்த்தை வரும், சில நேரம் உன் ஊர், உன் போட்டோ என்று கேட்பார்கள். வயது முத்திரை எப்போதும் அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கும் என்று நம்ப முடியாது. மைக்கை அணைத்து வைத்துவிட்டுத் தெரிந்த நண்பர்களோடு மட்டும் ஆடுகிறேன் என்று நீயே முதலில் சொல். அப்பா இந்த வருஷம் வேண்டாம் என்றால் ஏன் என்று கேள், சண்டை போடாதே.

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து மொபைலுக்கு ஒரு கேம் செய்திருக்கிறோம், ஒரு கிராமத்துக் காவல்காரன் கொள்ளைக்காரர்களோடு சண்டை போடும் கதை. அரிவாள் வெட்டு, ரத்தம் எல்லாம் இருக்கிறது. பிளே ஸ்டோரில் ஏற்றும்போது வன்முறை இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா என்று ஒரு படிவம் கேட்கிறது. “எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடு, 3+ கிடைக்கும், டவுன்லோட் அள்ளும்” என்கிறார்கள் நண்பர்கள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமும் வருகிறது. என்ன செய்ய?
— கோவை

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது, ஏனென்றால் விருதுநகர் அம்மா கேட்ட கேள்விக்கான பதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் பூர்த்தி செய்யும் அந்தப் படிவம் ஐஏஆர்சி என்ற அமைப்பினுடையது. நீங்கள் என்ன போடுகிறீர்களோ அதை வைத்து உடனே வயது வந்துவிடும், நம் நாட்டில் 3, 7, 12, 16, 18 என்று காட்டும். நமக்கு அரசு தணிக்கை இல்லை என்று மேலே புலம்பினேனே, அந்த இடத்தில் இப்போதைக்கு இருப்பது இந்த மாதிரிப் படிவம்தான். இங்கே ஒரு தாய் தன் போனில் பிளே ஸ்டோருக்குள் போய், செட்டிங்ஸில் ஃபேமிலி, அதில் பேரன்ட்டல் கன்ட்ரோல்ஸ் என்று திறந்து, பின் நம்பர் போட்டு 7 வயது வரைதான் என்று பூட்டி வைத்திருப்பார். அந்தப் பூட்டை உங்கள் ஒரு ‘இல்லை’ திறந்துவிடும். பொய் என்று தெரிந்தால் கூகுள் உங்கள் கேமையே தூக்கிவிடலாம், அது தனி.

வன்முறையைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2009-இல் வந்த, கால் ஆஃப் டியூட்டி என்ற போர் விளையாட்டின் ஒரு பாகத்தில், விமான நிலையத்தில் பயணிகளைச் சுட்டுத் தள்ளும் கும்பலோடு விளையாடுகிறவரும் நடந்து போக வேண்டிய ஒரு கட்டம் வரும். பெரிய சர்ச்சை ஆனது. ஆனால் விளையாட்டைத் தொடங்கும்போதே, மனதைத் தொந்தரவு செய்யும் ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகலாம், அதனால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் காட்சி தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, முன்கூட்டியே கேட்டதில் சந்தேகம் இல்லை. உங்கள் காவல்காரன் கேமிலும் ரத்தத்தை அணைத்து வைக்க ஒரு பொத்தான் வையுங்கள்.

படிவத்தில் ரத்தம் என்ற இடத்தில் ‘ஆம்’ போடுங்கள். 12 வந்தாலும் 16 வந்தாலும் வரட்டும். கேம் வெளியானதும் எனக்கு எழுதுங்கள், போட்டு விளையாடிப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்திலேயே சொல்கிறேன்.